பனியில் போனவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொடி நாளை ஒட்டி உங்கள் இதழில் வந்த வீரர்கள் பக்கத்தைப் படித்தேன். 1962 சீனப் போரில் லடாக்கின் ரெசாங் லா, பிறகு கார்கில் என்று படங்களோடு நன்றாக எழுதியிருந்தீர்கள். பேரப்பிள்ளைகளையும் படிக்க வைத்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் குண்டடி பட்டவர்கள். பனியில் புதைந்தவர், குளிரில் விறைத்துப் போனவர் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்டவர்களை இந்த மதுரைச் சீமையிலிருந்தே அனுப்பி வைத்திருக்கிறோம். அதனால் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

2016 பிப்ரவரி 3 அன்று வடக்கு எல்லையில் உள்ள சியாச்சின் பனிமலையில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாம் மீது பனி சரிந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன் காவல் காத்த இடம் அது. உள்ளே பத்துப் பேர். அவர்களில் நாலு பேர் தமிழர்கள்: மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டி சிப்பாய் கணேசன், தேனி மாவட்டம் குமணன்தொழு லான்ஸ் ஹவில்தார் குமார், வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஏழுமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்து சிப்பாய் ராமமூர்த்தி. ஆறு நாள் கழித்து, 25 அடிக்கும் கீழே இருந்து கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். நாடே வேண்டிக்கொண்டது. 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். வானிலை விடாமல் அடித்ததில் மற்றவர்களின் உடல்கள் ஊர் வந்து சேரவே பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. இன்று மதுரையில் நாலு பேரை நிறுத்திக் கேட்டால் கணேசன் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

"அங்கே 2003-லிருந்து சண்டையே இல்லையே, அது விபத்துதானே" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மனது கேட்கவில்லை. 1984 ஏப்ரலில் நம் படை அங்கே ஏறியதிலிருந்து எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்கள்தான் அதிகம். சுடுகிறார்களோ இல்லையோ, அந்த உயரத்தை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு இட்ட கட்டளை. அந்தக் கட்டளைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தபோது செத்தவரை விபத்தில் செத்தவர் என்று எப்படிச் சொல்வது?

மார்கழி விடியலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற ஊர் நம்முடையது. அங்கே மைனஸ் 50 வரை இறங்கும். மூச்சுக்குக் கிடைக்கும் காற்று இங்கே இருப்பதில் பாதிகூட இல்லை. கையுறை இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சுப் பழம் கல்லாகிவிடும். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அடுப்பில் பனியை உருக்க வேண்டும். உயிரைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்குப் போகிற ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். விரல் மரத்து, கறுத்து, பிறகு வெட்டி எடுப்பதைத் தவிர வழி இருக்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால், உடனே கீழே இறக்காவிட்டால் பிழைப்பதே கடினம். இறக்குவதற்கு ஹெலிகாப்டர் வர வேண்டும். அது வருவதற்கு வானம் வழி விட வேண்டும்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அங்கே இருந்து கால் விரல் இரண்டை இழந்து வந்தவர். நான் பள்ளியில் வேலை பார்த்தபோது ஒரு கொடி நாளில் பிள்ளைகளிடம் பேச வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "நான் என்னம்மா சண்டையா போட்டேன்? குளிர்ல உக்காந்திருந்தேன். கார்கில்ல சண்டை போட்டவங்க யாரையாச்சும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சொல்லியும் வரவில்லை. சுட்டவனுக்குத்தான் மரியாதை என்று நாம் எழுதி எழுதி, கடைசியில் அவரையே நம்ப வைத்துவிட்டோம்.

ரெசாங் லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங்கின் கம்பெனி கடைசி வரை நின்ற இடம் 16,000 அடிக்கு மேல். பனி விலகி உடல்களைக் கண்டுபிடித்தது 1963 பிப்ரவரியில். பதுங்குகுழியில் ஆயுதத்தைப் பிடித்த கையோடு உறைந்திருந்தார்கள். அந்த ஆண்டு எல்லைக்கு அவசரமாக அனுப்பப்பட்ட எத்தனையோ பேருக்குச் சரியான கம்பளி உடுப்புகூடக் கிடையாது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

சுடாதவர்களையும் நாடு கௌரவித்திருக்கிறது. 1950 கடைசியில், கொரியப் போரின்போது, அந்த நாட்டின் கொடுங்குளிரில், லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் போய் இறங்கியது. எல்லாம் டாக்டர்கள், மருத்துவ உதவியாளர்கள். வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கச் சொன்னபோது மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டு வர அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு ரயில் என்ஜினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். ரங்கராஜுக்கு நம் நாட்டின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020 ஜூலையில் தென்கொரியா அவரை அந்த மாதத்தின் போர் வீரராக அறிவித்தது. 70 வருஷம் கழித்து அந்நிய நாடு நினைக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். வரும் பிப்ரவரி 3 இதழில் அந்தப் பத்துப் பேரையும் ஊர்ப் பெயரோடு போடுங்கள். தமிழர்கள் நாலு பேரோடு நிறுத்திவிட வேண்டாம். சுபேதார் நாகேஷா, லான்ஸ் நாயக்குகள் ஹனுமந்தப்பா, சுதீஷ், சிப்பாய்கள் மகேஷா, முஷ்டாக் அகமது, நர்சிங் அசிஸ்டெண்ட் சூர்யவன்ஷி எல்லோரும் ஒரே பனிக்கு அடியில் கிடந்தவர்கள். முடிந்தால் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் ஒரு நிருபரை அனுப்புங்கள். பனிமலையில் இருந்து திரும்பி வந்த பட்டாளத்துக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டால் பேசுவார்கள். என் அண்ணனிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருமங்கலம்.