அட்டையில் எத்தனை மீதி?

கண்ணா,

நேற்று போனில் உன் குரல் குழறியது. டான்சில் எடுத்த தொண்டை அப்படித்தான் இருக்கும் என்றாய். சரி. ஆனால் ஒரே கேள்வியை என்னிடம் மூன்று தடவை கேட்டாய்.

வலிக்கு என்ன போடுகிறாய்? முதலில் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும்தான். வலி ஏறட்டும் என்று காத்திருக்காமல், டாக்டர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போடு. பலருக்கு அதுவே போதும். 2021-இல் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும் முதலில் அந்த மாதிரி மாத்திரையைத்தான் சொல்கிறது. ட்ரமடால் மாதிரி ஓபியாய்டு, அதாவது அபின் வகை மாத்திரையெல்லாம் அதற்கும் அடங்காத வலிக்கு, கொஞ்ச நாளைக்கு, கொஞ்சமாக. தொண்டைப் புண்ணின் பொருக்கு உதிரும் நாளில் வலி திரும்ப ஏறும். பயந்துபோய் நீயாக ஒன்று கூட்டிப் போடாதே.

சில ட்ரமடால் மாத்திரையில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படி. பாராசிட்டமால் மட்டும், எல்லா மாத்திரையிலும் இருப்பதைச் சேர்த்து, ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. நீ வேறு குறட்டை விடுகிறவன். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு ஓபியாய்டு மூச்சை இன்னும் மந்தமாக்கும். டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் செய்துகொண்டது எனக்குப் பெருமைதான். இரண்டு நாள் கழித்து எனக்குச் சொன்னாயே, அதுதான் ஆறவில்லை.

உன் பரீட்சை வருஷம் நான் படுத்தே கிடந்தேனே. முதுகு ஆபரேஷன் வலி என்றுதான் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். வலி ஒரு மாதத்தில் போய்விட்டது கண்ணா. அதற்கப்புறமும் ஐந்து மாதம் மாத்திரையை விடவில்லை. விட்ட நாளெல்லாம் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மறுபடி போட்டுக்கொள்வேன். துணிக்கு அடியிலிருந்து அந்தக் காலி அட்டையை நீ எடுத்து வந்தாய். பத்துக் குழியும் கிழிந்திருந்தது. "இது இன்னும் எதுக்கும்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டாய். வேவு பார்க்கிறாயா என்று கத்தினேன். நீ அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நானும் அதைப் பற்றி உன்னிடம் இதுவரை வாய் திறக்கவில்லை. நேற்று உன்னைக் கேட்க முடியாமல் போனதும் அதனால்தான்.

அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணி எழுது. திட்டமாட்டேன். வலி இருந்தால் இருக்கிறது என்று சொல். தண்ணீர் நிறையக் குடி. எச்சிலில் புது ரத்தம் தெரிந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

அம்மா