பழைய இன்ஜின் வேலைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு

மதிப்பிற்குரிய லாரி உரிமையாளர்களுக்கும் டிரைவர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஓனர் குரூப்புகளில் இரண்டு வாரமாகச் சுற்றுகிற வாய்ஸ் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். நம் பட்டறையில் வேலை முடித்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜின் ஒன்று 4,000 கிலோமீட்டரில் பேரிங் அடித்துவிட்டது (கிராங்கைத் தாங்கும் பேரிங் தேய்ந்து கெட்டுவிட்டது), பழைய பேரிங்கையே துடைத்துப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். பேரிங் அடித்தது உண்மை. பழசைப் போட்டோம் என்பது உண்மையில்லை. இந்தப் பேச்சுத்தான் எங்களுக்கு வலிக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

அந்த இன்ஜின், வண்டி உடைக்கும் யார்டில் வாங்கும்போதே ஒரு பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங், அடித்து நின்றது. உள்ளே இருந்த பேரிங் எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ். கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்தோம். அதில் பழைய ஸ்டாண்டர்டு பேரிங்கை மாட்டினால் இடைவெளி 0.25 கூடும், ஆயில் பிரஷரே ஏறாது, வண்டி பட்டறை வாசலைத் தாண்டாது. இப்போது கழற்றிய பேரிங்கின் முதுகில் 0.25 என்று சைஸ் அடித்திருக்கிறது. டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பிறகு ஏன் அடித்தது? பேரிங் மேல் முகத்தில் உலோகத் தூள் பதிந்திருக்கிறது. முதல் தடவை அடித்தபோது கிளம்பிய தூள் அது, ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்குள் தங்கியிருந்தது. கூலர் எலிமென்ட்டில் தகடுகளுக்கு நடுவே சந்து மிகக் குறுகல். டீசல் ஊற்றி அலசினாலும் ஏர் அடித்தாலும் முழுதாக வராது. கூலருக்குப் பிறகு ஃபில்டர் இருக்கிறதே, அங்கே நின்றுவிடாதா என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதோ, ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் நேராக கிராங்குக்குப் போகும். அப்போதுதான் தூளும் போகிறது. பேரிங் அடித்த இன்ஜினுக்குக் கூலர் எலிமென்ட் புதிதாகத்தான் மாட்ட வேண்டும். பட்ஜெட் போதாது, கழுவிப் போடுங்கள் என்று உரிமையாளர் கேட்டார், நாங்களும் சரி என்றோம். அந்த இடத்தில் தவறு எங்களுடையதும்தான். இனி அப்படிச் சரி சொல்ல மாட்டோம்.

செலவைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. யார்டில் வாங்குமுன் நாசில்களைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் இறுகினால் விட்டுவிடுங்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டி வரும் புகை) பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் மாதிரி இருந்தால் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்கலாம், கூலரே ஓட்டையாகவும் இருக்கலாம். டர்போ ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டீசல் பம்பும் டர்போவும் போனால் மலிவாக வாங்கிய லாபம் அங்கேயே போய்விடும்.

உங்கள் வண்டியின் சொந்த பிளாக் விரிசல் விடாமல் இருந்தால் அதைக் காயலான் கடைக்குப் போடவே போடாதீர்கள். கிராங்கும் ஹெட்டும் மட்டும் யார்டில் எடுத்தால் போதும். இன்ஜின் நம்பர் மாறாது, ஆர்.சி., எஃப்.சி. அலைச்சல் இல்லை. ஆனால் மெயின் கேப்பை (கிராங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மூடியை) வேறு பிளாக்கில் இருந்து எடுத்து மாட்டக் கூடாது. கேப்பும் பிளாக்கும் சேர்த்துக் கடைந்தவை, மாற்றினால் வட்டம் வராது, கிராங்கைப் பிடிக்கும்.

6பிடி பிளாக்கில் கம்பெனி லைனர் (சிலிண்டருக்குள் மாட்டும் தனிக் குழாய்) கிடையாது. போர், அதாவது சிலிண்டர் உள்விட்டம், 102 மி.மீ., 102.116-ஐத் தாண்டித் தேய்ந்திருந்தால் 0.5 ஓவர் சைஸ், அடுத்து 1.0, அதற்கும் மேலே போனால் உள்ளே ஸ்லீவ் குழாய் அடிக்க வேண்டும். பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகே போர் போடச் சொல்லுங்கள். பிஸ்டனின் மேல் ரிங் முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.40 முதல் 0.70 மி.மீ. வரை இருக்க வேண்டும், ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய போரில் வைத்து அளக்க வேண்டும். மெயின் போல்ட் 60, 119, 176 நியூட்டன் மீட்டர் என்றும், கனெக்டிங் ராடு போல்ட் 35, 70, 100 என்றும் மூன்று தடவையாக ஏற்றுகிறோம். டைமிங் கியர் ஹவுசிங்கில் உள்ள டவல் பின் (இடம் பிடிக்கும் சிறு ஆணி) தளர்ந்து கியருக்குள் விழுந்து பல்லை உடைக்கும். திறந்த கையோடு அதற்கு ஒரு தகடு வைத்து அடைப்பது ஐந்து நிமிட வேலை, அதற்குக் காசு வாங்குவதில்லை.

இனி மூன்று வேலைகளை யார் சொன்னாலும் விட மாட்டோம்: பேரிங் அடித்த இன்ஜினுக்குப் புதுக் கூலர் எலிமென்ட், கிரைண்டிங்குக்கு முன்னும் பின்னும் கிராங்க் கிராக் டெஸ்ட், ஹெட்டுக்கு வெந்நீர் பிரஷர் டெஸ்ட். வால்வு சீட்டுகளுக்கு நடுவே வரும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, டெஸ்டில்தான் தெரியும். இவை வேண்டாம் என்றால் அந்த வேலையை எடுக்க இயலாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பரில் உதிரி பாக வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனதை ஒவ்வொரு பில்லிலும் அப்படியே குறைத்திருக்கிறோம். ஹெட் வேலை பார்த்தவர் விலகியதால் அதை வெளியே லேத்துக்கு அனுப்புகிறோம், எனவே நாலு நாள் கூடுதலாகும், லேபரும் 4,000 ரூபாய் ஏறுகிறது.

வேலை முடிந்த வண்டியை எடுக்கிறவர்கள் நீண்ட நேரம் ஐடிலில் விடாதீர்கள், ரிங் உட்காராமல் போர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மிதமான லோடில் ஓட்டி, 1,000 கிலோமீட்டரில் வாருங்கள். ஆயில், ஃபில்டர் மாற்றி, வால்வு இடைவெளி இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. என்று மறுபடி வைத்துத் தருகிறோம்.

அந்த மெசேஜைக் கேட்ட பிறகும், "என்ன ஆச்சு தம்பி" என்று எங்களிடமே போன் போட்டு விசாரித்த அண்ணன்மார்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த வண்டிக்குக் கிராங்க் வேலையை எங்கள் செலவிலேயே மறுபடி செய்கிறோம். இந்தத் தடவை புதுக் கூலரோடு.

என்றும் உங்கள்,
பட்டறை உரிமையாளர், நாமக்கல்