ஆண்டறிக்கை 2024: நமது சேகரிப்பும் அதன் சிறுபடங்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் இயங்கும் நமது ஆவணப் படச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையை வாசிக்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சொல்வார். ஆகவே, ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்து வைத்திருந்த வேலைக்கு நேராக வருகிறேன். கணினியில் சேகரிப்பைத் திறந்தால் புகைப்படங்கள் தெரிகின்றன, ஆனால் சுவரொட்டி, நோட்டீஸ் போன்றவற்றின் வடிவமைப்புக் கோப்புகளுக்குச் சிறுபடமே, அதாவது உள்ளே இருப்பதைக் காட்டும் குட்டிப் படமே, தெரிவதில்லை என்ற பிரச்சினைதான் அது.

இந்த வருடம் அத்தகைய கோப்புகள் வந்து குவிந்தன. மே தினத்தன்று கொட்டகலையில் தோட்டத் தொழிலாளருக்கு 1,700 ரூபாய் நாட்சம்பளம் அறிவிக்கப்பட்டதிலிருந்தே சுவரொட்டிகளுக்குக் குறைவில்லை. அப்புறம் செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல். அச்சகங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அச்சான தாளோடு மூலக் கோப்பையும் பென் டிரைவில் தந்தார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த, மலையக மக்கள் வந்த 200 ஆண்டு நினைவு நடைபயணத்தின் பதாகைகள், தோட்டக் கோவில் திருவிழா நோட்டீஸ்கள், காமன் கூத்து அழைப்பிதழ்கள், மரண அறிவித்தல்கள் என்று பழையனவும் சேர்ந்துகொண்டன.

கோப்புகளின் பெயர்களோ ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ 2’. இதில் எது மஸ்கெலியா, எது பொகவந்தலாவை என்று யார் கண்டது? நம் அறைக்கு வரும் பெரியவர்கள் பெயரைத் தட்டித் தேடுவதில்லை. திரையில் படங்களை ஓடவிடச் சொல்லி, “இந்தா, இது எங்க தோட்டத்துத் தேரு” என்று கையை நீட்டுவார்கள். கை நீட்ட அங்கே படம் இருக்க வேண்டுமே.

புதிய கணினி வாங்கலாம் என்றும், காசு கொடுத்து வேறு மென்பொருள் எடுக்கலாம் என்றும் குழுவில் யோசனைகள் வந்தன. இரண்டும் வேண்டாம் என்றே நான் வாதாடினேன். நாம் பயன்படுத்தும் டிஜிகாம், படங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ஓர் இலவச மென்பொருள். அதனிடம் பெரிய குறையில்லை. இத்தகைய பட்டியல் மென்பொருள்களால் எல்லா வகைக் கோப்பையும் தாமே வரைந்து காட்ட முடியாது. பல வேளைகளில், கோப்பைச் சேமித்த மென்பொருள் உள்ளே என்ன படத்தை வைத்துவிட்டுப் போனதோ அதைத்தான் எடுத்துக் காட்டும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் ஒரு சாம்பல் நிறப் பெட்டிதான் மிஞ்சும்.

ஃபோட்டோஷாப் கோப்பை எடுத்துக்கொள்வோம். சேமிக்கும்போது ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற தெரிவு இருந்தால், அடுக்குகள் எல்லாம் சேர்ந்த முழுப்படம் ஒன்றும் கோப்புக்குள் பதிவாகும். கோப்பின் அளவு கூடுகிறதென்று அச்சகங்களில் அதை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளிலும் இதே கதைதான். ‘பிடிஎஃப் கம்பாட்டிபிள்’ தெரிவை எடுத்துவிட்டால், வேறு மென்பொருளில் படத்துக்குப் பதிலாக ஓர் ஆங்கில அறிவிப்பு மட்டுமே வரும். இன்னொரு வரைகலை மென்பொருளான கோரல்டிராவில் எக்ஸ்4 பதிப்பிலிருந்து கோப்பு என்பது உண்மையில் ஒரு ஸிப் பொதிதான். நீட்சிப் பெயரை ‘ஸிப்’ என்று மாற்றித் திறந்தால் உள்ளே சிறுபடம் தனியாக இருக்கும். அவசரத்துக்கு உதவும், ஆனால் பெரிதாக்கினால் மங்கிப்போகும்.

நம்மை மிகவும் அலைக்கழித்தவை ஈபிஎஸ் என்ற பழைய அச்சுவகைக் கோப்புகள். இவற்றைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் கொண்டு நாமே படமாக்கினோம். அந்தக் கோஸ்ட்ஸ்கிரிப்டை இயக்கும் இமேஜ்மேஜிக் என்ற படமாற்றக் கருவியைச் சும்மா விட்டால் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் வரையும், எழுத்தெல்லாம் கடித்து வைத்ததுபோல் இருக்கும். முதலில் 300இல் பெரிதாக வரைந்து, பிறகு சுருக்கினால்தான் தெளிவு வருகிறது. அச்சுக்கான நான்கு வண்ணக் கோப்புகளைத் திரைக்கான எஸ்ஆர்ஜிபி வண்ண முறைக்கு முறையாக மாற்றாவிட்டால் நிறம் கண்ணைக் குத்தும். பின்னணி இல்லாத கறுப்பு இலச்சினைகள் கரும் திரையில் மறைந்தே போகும், அவற்றுக்கு அடியில் வெள்ளையை நிரப்ப வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் பல நோட்டீஸ்களில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து நின்றன. காரணம் பாமினி. யுனிகோட் அல்லாத அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால், அம்மன் பெயரும் ஊர்ப்பெயரும் குப்பையாகிவிடும். எழுத்துகளை ‘கர்வ்’, அதாவது வெறும் கோட்டுருவங்கள், ஆக்கித் தந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கர்வ் ஆக்கியபின் சொற்களைத் தேடவோ திருத்தவோ முடியாது. ஆகையால் இரண்டு பிரதியும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதில் உப தலைவருக்கு இன்னும் உடன்பாடில்லை.

கடைசியில் குழு ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இதுதான்: மூலக் கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் பக்கத்திலேயே, அதே பெயரில், திரையில் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய ஒரு ஜேபெக் படம் இருக்க வேண்டும். ஒரே பெயருள்ளவற்றைக் குழுவாகச் சேர்க்கும் வசதி டிஜிகாமிலேயே உண்டு. புதிய படங்களைச் சேர்த்தபின் பராமரிப்புப் பகுதிக்குப் போய்ச் சிறுபடங்களை மறுபடி உருவாக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழைய படமே சேமிப்பிலிருந்து வந்துகொண்டிருக்கும். அந்தச் சிறுபடத் தரவுத்தளத்தை வெளி ஹார்ட் டிஸ்கிலிருந்து கணினியின் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு மாற்றினோம். இப்போது பக்கங்கள் தயங்காமல் ஓடுகின்றன. செலவு ஒரு சதமும் இல்லை.

புகைப்படங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது படம் தருபவர்களின் நம்பிக்கையோடு சம்பந்தப்பட்டது. கெமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் சுமார் 160க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படத்தையும் பதிகிறது. சில மென்பொருள்களில் படத்தை வெட்டிச் சேமித்தாலும் இந்தக் குட்டிப் படம் வெட்டப்படாமலே இருந்துவிடும். வீட்டார் வேண்டாமென்று வெட்டிவிட்ட முகம் உள்ளே அப்படியே இருக்கலாம். எனவே வெளியாருக்குக் கொடுக்கும் பிரதிகளில் உள்ளே இருக்கும் குட்டிப் படத்தை நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும். இதைச் சங்க விதிகளில் சேர்க்கும் பிரேரணை இன்று உங்கள் முன் வருகிறது.

பக்க வடிவமைப்புக்கான பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள் மட்டும் தீர்ந்தபாடில்லை. அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001இல். நம் பகுதியின் எத்தனையோ மலர்களும் துண்டுப்பிரசுரங்களும் அதில்தான் கிடக்கின்றன. பழைய மென்பொருளும் பாமினியும் உள்ள கணினி ஒன்றில் திறந்து, பிடிஎஃப் ஆக்கினால் ஒழிய பட்டியலில் அவற்றுக்கு முகம் கிடையாது. தலவாக்கலை, நோர்வூட், டிக்கோயாப் பக்கம் யாரிடமாவது அப்படி ஓடக்கூடிய கணினி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், தூக்கிக்கொண்டு வர வேண்டாம், நாங்களே வருகிறோம்.

கோப்பு தருபவர்கள் அதில் பயன்படுத்திய எழுத்துருவையும் சேர்த்துத் தரவும். எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. அறை சனிக்கிழமைகளில் திறந்திருக்கும், பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் பூட்டு.

செயலாளர்