மாற்று வரலாறு எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இடைக்காலத்தில் யூத மதம் ஆளும் மதமாகியிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியை வைத்து உங்களில் சிலர் கதை எழுதுகிறீர்கள். அருமையான கேள்வி. ஆனால் நான் வாசித்தவற்றில் பல ஒரே தடத்தில் போகின்றன. சிலுவை இருந்த இடத்தில் தாவீதின் நட்சத்திரம், போப்பாண்டவர் இருந்த இடத்தில் ஒரு தலைமை ரபி (யூத மதகுரு), மற்றதெல்லாம் பழையபடி. (அந்த நட்சத்திரம் யூதர்களின் பொது அடையாளமானதே இடைக்காலம் முடிந்த பிறகுதான்.) இன்னும் சில கதைகள், திரைமறைவில் உலகை ஆட்டுவிக்கும் யூதர்கள் என்ற பழைய அவதூறுக்கு இடைக்கால வேடம் போட்டுவிடுகின்றன. இந்த இரண்டும் என்னை வருத்துகின்றன. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் கற்பனை செய்யும் உலகத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே இருந்தது. காஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் வடக்கே, வோல்கா நதி கடலில் சேரும் கீழ்ப்பகுதியை மையமாகக் கொண்டு, கசார்கள் என்ற துருக்கிய இனத்தார் 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை ஆண்டார்கள். இடையில் அவர்களுடைய அரச குடும்பமும் பிரபுக்களும் யூத மதத்துக்கு மாறினார்கள். அப்படி மாறவேயில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 1999இல் கிடைத்த வெள்ளிப் புதையலைப் பாருங்கள். அதில் ஒரு திர்ஹம் என்ற வெள்ளிக்காசு, அச்சு அசல் அரபு நாணயம் மாதிரி. முகம்மது நபியின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ‘மூசா (மோசே) அல்லாஹ்வின் தூதர்’ என்று அரபியில் பொறித்திருக்கிறது. கசார்கள் 9ஆம் நூற்றாண்டில் அடித்த காசு இது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஏன் மாறினார்கள்? தெற்கே கலீபாவின் இஸ்லாமியப் பேரரசு, மேற்கே பைசாந்தியம் என்ற கிறிஸ்தவப் பேரரசு. 737இல் அரபுத் தளபதி மர்வான் கசார்களின் அரசரான ககானைத் தோற்கடித்து, இஸ்லாத்தை ஏற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஒரு கசார் இளவரசி பைசாந்திய இளவரசருக்கு மனைவியாகிப் போயிருந்தாள். இந்த இருவரில் யாருக்கும் அடங்கிப் போகாமல், இருவருமே மறுக்க முடியாத ஒரு வேதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

உங்கள் கதைக்கு உண்மையான செல்வம் அடுத்து வருவதில்தான் இருக்கிறது. கசார்களின் தலைநகர் ‘இதில்’ என்ற ஊர். அங்கே ஏழு நீதிபதிகள் இருந்ததாக 10ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் மசூதி எழுதியிருக்கிறார். யூதர்களுக்கு இருவர், முஸ்லிம்களுக்கு இருவர், கிறிஸ்தவர்களுக்கு இருவர், இயற்கை வழிபாட்டுக்காரர்களுக்கு ஒருவர். அரசரின் படையில் முக்கியமானவர்கள் முஸ்லிம் கூலிவீரர்கள். முஸ்லிம் நாடுகளோடு போர் வந்தால் நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம் என்ற நிபந்தனையோடுதான் அவர்கள் வேலைக்கே வந்தார்கள். யூத அரசரைக் காக்கும் முஸ்லிம் படை, அதுவும் நிபந்தனையோடு. இதைவிட நல்ல கதைக்களம் எங்கே கிடைக்கும்?

922 வாக்கில் நடந்ததாக அரபுப் பயணி இப்னு ஃபத்லானின் குறிப்புகளில் ஒரு செய்தி வருகிறது. முஸ்லிம் நாட்டில் ஓர் ஊரில் யூதர்களின் தொழுகைக்கூடத்தை இடித்துவிட்டார்கள். சேதி கேட்ட கசார் அரசர் தன் நகரத்துப் பள்ளிவாசலின் மினாராவை இடிக்கச் சொன்னார், பாங்கு சொல்பவர்களையும் கொன்றார். பள்ளிவாசலை மட்டும் விட்டுவைத்தார். அதையும் இடித்தால் இஸ்லாமிய நாடுகளில் இருக்கும் எல்லாத் தொழுகைக்கூடங்களையும் இடித்துவிடுவார்களே என்று அஞ்சினாராம். அவர் ஒரு நாட்டின் அரசர். ஆனால் அவருடைய மதத்தவர்களில் பெரும்பாலோர் வேறு அரசர்களின் கையில். அதிகாரமும் பிணைக்கைதியின் பயமும் ஒரே மனிதரிடம். கொடூரமும் இருக்கிறது, நிதானமும் இருக்கிறது. இவரைப் பாத்திரமாக வைத்து யாராவது எழுத வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சரி, வரலாறு எங்கே திரும்பியிருக்கலாம்? 986இல் கீவ் இளவரசர் விளாதிமிர் எந்த மதத்தை ஏற்பது என்று ஆராய்ந்ததாகப் பழைய ருஷ்ய வரலாற்றேடு சொல்கிறது. கசார் யூதர்களும் வந்தார்கள். உங்கள் நாடு எங்கே என்று கேட்டார். எருசலேம், ஆனால் கடவுள் கோபம் கொண்டு எங்களைச் சிதறடித்துவிட்டார் என்றார்கள். சிதறியவர்கள் எனக்கு என்ன கற்பிப்பது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இது பின்னாளில் கிறிஸ்தவத் துறவிகள் எழுதியது, அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். கசாரியாவை 965 முதல் அடித்து நொறுக்கியவர் விளாதிமிரின் சொந்தத் தந்தை ஸ்வியதஸ்லாவ். அந்தப் படையெடுப்பு தோற்றிருந்தால்? எங்கள் நாடு இதோ வோல்காக் கரையில், உங்கள் வணிகர்கள் எங்களுக்குச் சுங்கம் கட்டிவிட்டுத்தான் காஸ்பியன் போகிறார்கள் என்று அவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். கீவ் யூத மதத்துக்குப் போயிருந்தால் பால்டிக் கடல் முதல் காஸ்பியன் வரை வேறொரு கிழக்கு ஐரோப்பா உருவாகியிருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பும்படியான திருப்புமுனை இல்லை.

அப்புறம்தான் கடினமான வேலை. நமக்குத் தெரிந்த ரபிகளின் யூத மதம் பெரும்பாலும் அதிகாரம் இல்லாத மக்களிடம் வளர்ந்தது. பாபிலோனில் பாரசீக அரசரின் கீழ் வாழ்ந்த ரபி ஷ்முவேல், நாட்டின் சட்டமே சட்டம் என்று 3ஆம் நூற்றாண்டில் விதித்தார். அரசரே யூதரானால் அந்த விதி என்ன ஆகும்? ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விடும் கட்டளை இஸ்ரவேல் மண்ணுக்கு மட்டும்தானா, வோல்காக் கரைக்கும் உண்டா? சக யூதரிடம் வட்டி வாங்கக்கூடாது, அந்நியரிடம் வாங்கலாம் என்கிறது யூத வேதமான தோரா. குடிமக்களெல்லாம் யூதரானால் கடன் யார் கொடுப்பது? ஒருவேளை அங்கே சிறுபான்மைக் கிறிஸ்தவர்தான் வட்டிக்கடைக்காரராகி எல்லோரின் வசவையும் வாங்கியிருப்பார். தீர்ப்பு சொல்ல ஒரு போப்பும் இல்லை. பாக்தாத்தில் யூத சமூகத்தின் தலைவருக்கும் சாதியா காவோன் என்ற மாபெரும் அறிஞருக்கும் 930களில் மூண்ட சண்டை ஆண்டுக்கணக்கில் ஓடியது. போதாக்குறைக்கு, ரபிகளின் சட்ட நூலான தல்மூதையே ஏற்காத கராயிகள் என்ற யூதப் பிரிவினர் வேறு. உங்கள் பேரரசில் எந்த யூத மதம் ஆள்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

யூத ஆட்சியாளர்களைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்கானுஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அண்டை இனத்தாரான இதுமேயர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினான். ஏமனின் ஹிம்யார் நாட்டில் யூத மன்னன் யூசுப் 523இல் நஜ்ரான் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தான். இரண்டே ஆண்டுகளில் எத்தியோப்பியப் படை வந்து அவன் ஆட்சியை முடித்தது. அதிகாரம் கையில் வந்தபோது மற்றவர்கள் செய்ததை இவர்களும் செய்தார்கள்.

அவதூறு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். யூதர்களின் உலகச் சதித்திட்டம் என்று 1903இல் ரஷ்யாவில் அச்சான ஆவணம் போலி என்று 1921இலேயே லண்டன் நாளிதழ் ஒன்று நிறுவிவிட்டது. இன்னும் அதை உண்மை என்று பரப்புகிறார்கள். கசார்களின் பெயரும் அதே சாக்கடைக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது. இன்றைய ஐரோப்பிய யூதர்கள் உண்மையான யூதர்களே அல்ல, கசார்களின் வாரிசுகள் என்று வெறுப்பைக் கக்குகிறவர்கள் எழுதுகிறார்கள். மரபணு ஆய்வுகள் காட்டுவது மத்தியக் கிழக்கும் ஐரோப்பாவும் கலந்த வம்சாவளியை. கசாரியா பற்றி எழுதினால் இந்தக் குப்பை தேடலில் முதலில் வந்து நிற்கும். தயவுசெய்து அதிலிருந்து ஒரு வரிகூட எடுக்காதீர்கள்.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. கசாரியா வீழ்ந்து ஒரு தலைமுறை கழித்து, சுமார் 1000இல், சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் முயிரிக்கோடு (இன்றைய கொடுங்ஙல்லூர்) துறைமுகத்திலிருந்து ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் இருக்கிறது. பகல் விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, வடுகப்பறை, தோரணம் என்று உரிமைகளைச் சொல்லிக்கொண்டே போகும். ஆளாமலேயே மரியாதையோடு வாழ்ந்த யூதர்கள் அவர்கள். உங்கள் கசார் பேரரசரின் தூதன் ஒருவன் அந்தத் துறைமுகத்தில் இறங்கினால் ஜோசப் ரப்பான் அவனிடம் என்ன கேட்பார்? படை உதவியா, மிளகு வியாபாரமா, அல்லது எங்களை இழுக்காதே என்றா? இந்த அத்தியாயத்தை உங்களில் யார் எழுதினாலும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துவிட்டு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்