நான்கு மணிக்குக் கதவைத் தட்டியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

2018 அக்டோபரில், நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, தோரோங் கணவாய்க்குச் சற்றுக் கீழே உள்ள தங்குமிடமான தோரோங் ஹை கேம்ப்பிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தீர்கள். அந்தப் பெண் நான்தான். உங்களில் ஒருவருடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டிருப்பேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அன்று என் தலையில் எதுவும் தங்கவில்லை. முகவரி இல்லாததால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இதை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழில்தான் வரும். தனியாக மலைக்குக் கிளம்ப இருக்கும் யாராவது படித்தால் அவர்களுக்கும் இது உதவட்டும்.

முதலில், கணவாய்க்குப் போகும் வழியில் உள்ள மனாங் கிராமத்தில் பேசிய டாக்டருக்கு.

இமாலய மீட்புச் சங்கம் அங்கே நடத்தும் சின்ன மருத்துவ நிலையத்தில், நடைப்பயணிகள் வரும் பருவத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு, உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். உங்கள் ஊரையும் வேலையையும் விட்டுவிட்டு, தொண்டராக வந்து தங்கியிருந்தீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னதெல்லாம் ஏற்கெனவே படித்ததுதான் என்ற நினைப்பு எனக்கு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மேலேயும் அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றின் அழுத்தம். 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி அளவுக்கு வந்துவிடும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டு நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முடிக்கும்போது, தனியாக வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றீர்கள். நாலைந்து கைகள் எழுந்தன. எங்களுக்கு மட்டும் இன்னொன்று சொன்னீர்கள். உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது மூளை, உயரத்தில் கெடுவதும் அதே மூளை, அதனால் உங்கள் முடிவை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்து அறையில் இருப்பவரிடம், 'நான் தனியாக வந்திருக்கிறேன், காலையில் நான் வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள்' என்று சொல்லிவிட்டுப் படுங்கள். இவ்வளவுதான். நீங்கள் சொன்னதில் நான் உருப்படியாகக் கடைப்பிடித்தது அந்த ஒன்றை மட்டும்தான் டாக்டர். அதனால்தான் இன்று உங்களுக்கு எழுத நான் இருக்கிறேன்.

மற்றதை எல்லாம் மீறினேன். மனாங் 3,500 மீட்டரை ஒட்டிய உயரம். அங்கே ஒருநாள் தங்கியிருக்க வேண்டும். திரும்பும் தேதி மனசில் ஓடிக்கொண்டே இருந்ததால் தங்கவில்லை. மறுநாள் இரவு யாக் கர்க்காவில், 4,000 மீட்டரைச் சற்றுத் தாண்டி. அதற்கு மறுநாள் மதியத்துக்கு முன்பே, கணவாயின் அடிவாரத்தில் உள்ள தோரோங் பேடி வந்துவிட்டேன். தலையின் பின்பக்கம் வலி. சாப்பாட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த சிலர், இந்த உயரத்தில் எல்லோருக்கும் தலை வலிக்கும், நிறையத் தண்ணீர் குடி, சரியாகிவிடும் என்றார்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன். வலி அடங்கியது. நோயே அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கி, ஏறக்குறைய 4,900 மீட்டரில் இருக்கும் ஹை கேம்ப்புக்கு அன்றே ஏறிவிட்டேன். ஒரே நாளில் தூங்கும் உயரம் 800 மீட்டருக்கு மேல் கூடிவிட்டது.

தண்ணீர் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உடம்பில் நீர் வற்றினால் தலை வலிக்கும், அதற்குத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு குடித்தாலும் அது உயர நோயைத் தீர்க்காது. உடல் வலுவும் காப்பாற்றாது. தினமும் ஓடிப் பழகியவள் நான். அந்தப் பழக்கம் என்னைச் சீக்கிரம் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது, அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. தலை வலிக்கும்போது மேலே ஏறாதே என்ற ஒரு விதியை மட்டும் அன்று மதித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இனி, பக்கத்து அறையில் இருந்த உங்கள் இருவருக்கும்.

அம்மா, ஐயா, அறுபதைத் தாண்டிய வயதில் கைக்கோலை ஊன்றி ஊன்றி, ஒரே சீராக நடந்து வந்தீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தக் கணவாயைக் கடப்பது என்று பல வருடமாகத் திட்டம் போட்டிருந்ததாக இரவு மேசையில் சொன்னீர்கள். மனாங்கில் இரண்டு இரவு தங்கியிருந்தீர்கள், பேடியில் ஓர் இரவு. நான் மூன்று இரவில் ஏறியதற்கு நீங்கள் ஐந்து இரவு எடுத்துக்கொண்டீர்கள். நான் தனி, காலையில் கொஞ்சம் தட்டிப் பாருங்கள் என்று கேட்டபோது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, கட்டாயம் என்று சொன்னீர்கள்.

அந்த ராத்திரி தூக்கமே இல்லை. கண் மூடினால் மூச்சு நின்றுவிடும், உடனே திடுக்கிட்டு நீளமாக இழுப்பேன், திரும்ப நிற்கும். தூக்கத்தில் மூச்சு இப்படி விட்டு விட்டு வருவது அந்த உயரத்தில் சாதாரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இரண்டு முறை வாந்தி எடுத்தது சாதாரணமில்லை. என் தலைவிளக்கை அணைக்கவும் தோன்றாமல் அப்படியே விட்டதில் குளிருக்கு அதன் பேட்டரியும் தீர்ந்துபோனது.

நான்கு மணிக்கு, எல்லோரும் கணவாய்க்குக் கிளம்பும் நேரம், நீங்கள் தட்டினீர்கள். நான் உள்ளேயிருந்தே, நன்றாகத்தான் இருக்கிறேன், இன்னும் கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன் என்றேனாம். இது எனக்கு நினைவில்லை, நீங்கள் சொன்னதுதான். வார்த்தைகள் குழறின என்பதால் நீங்கள் போகவில்லை அம்மா. கதவைத் திறந்து உள்ளே வந்து, உங்கள் தலையில் இருந்த விளக்கைக் கழற்றி என் தலையில் மாட்டி, பூட்ஸ் கயிற்றையும் கட்டிவிட்டீர்கள். எனக்கு அந்த முடிச்சு போட வரவில்லை. விரல் இருக்கிறது, கயிறு இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் தரைப் பலகையின் கோட்டைக் காட்டி, குதிகாலும் விரல் நுனியும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னவர் நீங்கள்தான், வழிகாட்டி அண்ணா. நீங்கள் வேறொரு குழுவுடன் வந்தவர். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய எந்தக் கடமையும் உங்களுக்கு இல்லை. இரண்டாவது அடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தேன், நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். குடிக்காதவர் குடித்தவர்போலத் தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. மனாங் பேச்சில் இதையும் கேட்டிருந்தேன். என் காலில் அது நடக்கும்போது எனக்கு அது தெரியவில்லை. உங்கள் மருந்துப் பையிலிருந்து, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் எட்டு மில்லிகிராம் கொடுத்தீர்கள். கொடுக்கும்போதே, இது இறங்குவதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கும், இறங்காமல் இருப்பதற்கு இல்லை என்று தெளிவாகச் சொன்னீர்கள். நான் மேலேதான் போவேன் என்று உங்களிடம் கத்தினேன் என்று கேள்விப்பட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. உங்கள் குழுவைத் துணை வழிகாட்டியுடன் கணவாய்க்கு அனுப்பிவிட்டு, என் பையை முன்னாலும் உங்கள் பையை முதுகிலும் மாட்டிக்கொண்டு, அந்தச் செங்குத்துப் பாதையில் எனக்கு முன்னே ஒவ்வொரு அடியாக இறங்கினீர்கள், நான் விழுந்தால் உங்கள் மேல் விழட்டும் என்று.

குதிரைக்காரத் தம்பி, பேடியிலிருந்து மனாங்வரை உங்கள் குதிரைமேல்தான் வந்தேன். மண் சரியும் அந்தப் பகுதியில் மட்டும் என்னை இறக்கி, கையைப் பிடித்து, வேகமாக வா, நிற்காதே, மேலே பார்த்துக்கொண்டே வா என்று சைகையிலேயே சொன்னீர்கள். யாக் கர்க்கா தாண்டியதும் பசித்தது. இரண்டு நாளில் முதல் பசி. அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்த முகம்தான் அந்த நாளில் எனக்குத் தெளிவாகப் பதிந்த முதல் முகம்.

மனாங்கில் ஆக்சிஜன் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று ஸ்டெதஸ்கோப் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்து, இரவெல்லாம் எழுப்பிப் பேசவைத்த நிலையத்தார் எல்லோருக்கும் நன்றி. அடுத்த நாள் பிற்பகல் அதே பேச்சை மறுபடி கேட்டேன், இந்த முறை முதல் வரிசையில்.

நேரில் பார்க்காத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு திரும்பிய பிறகு, எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் படிக்கத் தொடங்கினேன். உயரத்தில் உடம்பைப் பாடாய்ப்படுத்துவது ஆக்சிஜனின் அழுத்தக் குறைவுதான் என்று ஃபிரான்சின் உடலியல் அறிஞர் பால் பெர் 1878-இல் நிறுவினார். மலையில் இருமி மூச்சுத் திணறியவர்களை நிமோனியா என்றே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் அது உயரத்தால் நுரையீரலில் நீர் கோப்பது என்று எழுதினார். இமாலய மீட்புச் சங்கம் 1973-இல் தொடங்கப்பட்டது. மருத்துவர்கள் பீட்டர் ஹாக்கெட்டும் ட்ரம்மண்ட் ரென்னியும் எவரெஸ்ட் பாதையில் உள்ள பெரிச்சேயில் 278 நடைப்பயணிகளை ஆராய்ந்து, பாதிக்கும் மேற்பட்டோருக்கு உயர நோய் இருந்ததை 1976-இல் வெளியிட்டார்கள். வழிகாட்டி அண்ணன் அந்த இருட்டில் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் கீழே என்று கை காட்டியதற்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் பிழைக்க வேண்டும் என்று உழைத்தவர்கள் அவர்கள்.

அம்மா, ஐயா, கடைசியாக உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என்னோடு இறங்கியதால் நீங்கள் கணவாயைக் கடக்கவில்லை. திரும்ப ஏற உங்களுக்கு நாள் மிச்சமில்லை, மனாங்கிலிருந்து வந்த வழியே திரும்பிவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்து நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அழுதுவிட்டேன். ஒருவர் மட்டும் என்னோடு வந்து மற்றவர் கடந்திருக்கலாமே என்று நர்ஸிடம் கேட்டேன். இருவரும் சேர்ந்து கடப்பதென்றுதான் திட்டம் என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம்.

மறுபடி போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், என்னையும் கூப்பிடுங்கள். மனாங்கில் இரண்டு இரவு, பேடியில் ஓர் இரவு, நீங்கள் நடக்கும் வேகத்தில்தான் வருவேன், உங்கள் பையை நான் தூக்குகிறேன். இந்தப் பாதையில் இவர்களை யாராவது அறிந்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து செய்தி சொல்லுங்கள்.

உங்கள் தலைவிளக்கு என்னிடம்தான் இருக்கிறது அம்மா. பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன், கசிந்து கெட்டுவிடக் கூடாது என்று. பட்டை நீங்கள் எனக்காகச் சுருக்கிய அளவிலேயே இருக்கிறது.