குடம் தனி, குரல் தனி

மாப்ளே,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. தெரியும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். அத்தாளநல்லூர்க்காரி உன்னை விசாரித்தாள். நான் வாயே திறக்கவில்லை.

விஷயம் இதுதான். பெரியப்பாவின் வில்லுப்பாட்டைப் பதிவு செய்யப்போகிறேன். சிரிக்காதே, இது அந்த டேப் ரிக்கார்டர் கூத்து மாதிரி இல்லை.

சித்திரையில் கோயில் கொடையில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். யுஎஸ்பி வைத்த எட்டு சேனல் மிக்ஸர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பெரியப்பாவுக்கு ஒரு மைக், குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, பக்கப்பாட்டுக்கு ஒன்று. ராத்திரி முழுக்கச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஏற்றி இறக்கிவிட்டு விடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தால், இரண்டே டிராக்! இடது, வலது. குடத்தின் அடியில் உடுக்கையைக் காணோம். சாமி வந்து பெண்கள் குலவையிட்ட இடம் மொத்தமும் பிய்ந்து கிடக்கிறது. குடத்தைக் குறைத்தால் பெரியப்பாவும் கூடவே குறைகிறார்.

உடனே மிக்ஸரையே குறை சொல்கிறேன் என்று குதிக்காதே. பந்தலில் ஸ்பீக்கருக்குக் கொடுக்க அதை விட்டால் வேறு கிடையாது; மைக் கீச்சிட்டால் அந்த நொடியே கையை வைத்து அடக்கலாம். ஆனால் விலை குறைந்த யுஎஸ்பி மிக்ஸர் பலவும் கலந்து முடித்ததை மட்டுந்தான் கம்ப்யூட்டருக்குத் தரும். ஒவ்வொரு சேனலையும் தனியாக அனுப்புவதும், எஸ்டி கார்டிலேயே தனித்தனியாகப் பதிவதும் இருக்கின்றன. அதை வாங்க நான் பிசான நெல் முழுவதையும் விற்க வேண்டும்.

அதனால், ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். நாலு மைக், நாலு டிராக். நெருங்கி உட்காருகிறவர்கள், குடத்துச் சத்தம் எல்லா மைக்கிலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இருந்தாலும் உடுக்கையை மேலே கொண்டுவர ஒரு வழி இருக்குமே. 24 பிட்டில் பதிந்தால் சத்த அளவை மைனஸ் 12 டெசிபல் பக்கம் தாழ்த்தியே வைக்கலாம், குலவை வந்தாலும் பிய்யாமல் இடம் இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் நாலு டிராக் மணிக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் வரும். விடிய விடியப் பாடினாலும் லேப்டாப் தாங்கும்.

ஆனால் கடையில் ஏமாற இருந்தேன், கேள். பெட்டியில் 4 இன்புட் என்று போட்டிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் மைக் குத்த இரண்டுதான். மீதி இரண்டும் கீபோர்டு மாதிரி லைன் சாமான்களுக்கு. மைக் சத்தத்தை ஏற்றித் தருகிற ப்ரீஆம்ப் நாலு உள்ளதாகத் தேடினால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டுமாம். நம் ஊர் கரண்டை நீ அறிவாய். இன்வெர்ட்டர் ஒன்று பார்த்து வை.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பாய். அன்றைக்கு மூன்று மணிக்கு மேல் பெரியப்பாவுக்குக் குரல் எழவில்லை. வில்லை அடிக்கிற வீசுகோலை மடியில் வைத்துவிட்டுப் பக்கப்பாட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அடியை எடுத்துக்கொண்டார். பந்தலில் ஒருவருக்கும் தெரியாது. ஹெட்ஃபோன் போட்டிருந்ததால் எனக்குத் தெரிந்தது: பெரியப்பா மைக்கில் வெறும் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு அடி கழித்து, ஒன்றும் நடக்காதது போலச் சேர்ந்துகொண்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பெரியம்மாவிடம்கூட.

வீட்டிலேயே அமைதியாக உட்கார்ந்து பதியலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "சாமிக்குப் பாடுகிறதைத் திண்ணையில் எப்படிலே பாட?" என்று முறைத்தார். ஆக, ஆடிக் கொடையை விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை.

உடுக்கைக்கு உன் பழைய டைனமிக் மைக்கைக் கொண்டு வா. குடத்துக்கு எதை வைப்பது, எவ்வளவு தள்ளி வைப்பது என்பதை நீதான் வந்து பார்க்க வேண்டும். முந்தின நாளே வந்துவிடு. பெரியப்பா இப்போதும் உன்னை "அந்த மைக் செட்டுப் பய" என்றுதான் கேட்கிறார்.