‘ஆட்டோபைலட் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்: சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கும் அதை ஓட்டும் பைலட்டுகளுக்கும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். 27 வருஷம் விமானக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை செய்தேன். விடிகாலையில் பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து மீனம்பாக்கத்தில் இறங்குவேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹாங்கரில் இருக்கும் தம்பிகள், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் கருவியைப் பற்றிக் கேட்டுப் போன் செய்கிறார்கள். “அண்ணே, ஆட்டோபைலட் கம்ப்ளைண்ட்.” “என்னன்னு எழுதியிருக்காங்க?” “வேலை செய்யலைன்னு எழுதியிருக்காங்க.” அவ்வளவுதான். அந்த ஒற்றை வரிக்காகத்தான் இந்த மடல்.

வேலை செய்யவில்லை என்றால் எப்படி? பட்டனை அழுத்தினால் பிடிக்கவே இல்லையா? பிடித்துவிட்டு நடுவில் தானாக விட்டுவிடுகிறதா? இறக்கை இப்படியும் அப்படியும் ஆடுகிறதா? உயரத்தைப் பிடிக்கச் சொன்னால் மூக்கு ஏறி ஏறி இறங்குகிறதா? நான்கும் வேறு வேறு கோளாறுகள், தேட வேண்டிய இடங்களும் வேறு. இது எதுவும் தெரியாத மெக்கானிக் கைக்கு முதலில் எட்டுகிற பெட்டியைக் கழற்றி மாற்றுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு எஞ்சினும் ஸ்டியரிங்கும் பார்த்தவர். “படகு நேரா போக மாட்டேங்குது” என்று யாராவது வந்து நின்றால் உடனே ஸ்பேனரைத் தொட மாட்டார். காற்று எந்தப் பக்கம் இருந்தது, வலை கடலில் இருந்ததா மேலே இருந்ததா, ஐஸ் ஏற்றிய பிறகா அதற்கு முன்பா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வந்தவர் சலித்துக்கொள்வார். அப்பா விடமாட்டார். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் எனக்குச் சோறு போட்டது.

ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். ஆட்டோபைலட் போட்டால் இறக்கைகள் மெதுவாக இடமும் வலமும் ஆடும். பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் வாந்தி எடுத்திருக்கிறார்கள். லாக் புத்தகத்தில் அதே ஒற்றை வரி. முதலில் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். ஆட்டம் நிற்கவில்லை. அப்புறம் ஏலரானை, அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையை, இழுக்கும் சர்வோ மோட்டாரைக் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மாதங்கள் போயின, சில லட்சம் ரூபாயும் போனது. திரும்பி வந்து மாட்டியதும் அதே ஆட்டம்.

என்னிடம் வந்தபோது ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் பைலட்டை உட்கார வைத்துக் கேட்டேன். குறித்த திசையில் போகச் சொல்லும் ஹெடிங் பட்டனை விட்டுவிட்டு இறக்கையை மட்டும் சமமாகப் பிடிக்கச் சொன்னால் ஆடுகிறதா? ஆடுகிறது. அப்படியென்றால் திசை காட்டும் கருவியின் மேல் தப்பில்லை. கிளம்பியதிலிருந்தே ஆடுகிறதா? கொஞ்சம் யோசித்தார். “இல்லை சார். 2,000 அடியில் நன்றாக இருக்கும். 7,000 தாண்டினால் ஆரம்பிக்கும், 9,000-இல் தாங்காது. இறங்கி வந்தால் நின்றுவிடும்.” இத்தனை மாதமாக இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

உயரம் ஏறினால் என்ன மாறும்? குளிர் மாறும். 1,000 அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் குறைந்துகொண்டே போகும். விமானத்தின் உடம்பு அலுமினியம். ஏலரானை இழுக்கும் கேபிள் எஃகு. குளிரில் அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும். உடம்பு சுருங்கினால் உள்ளே ஓடும் கேபிள் தொய்ந்துவிடும். தொய்வு இருந்தால் சர்வோ இழுப்பதும் ஏலரான் அசைவதும் ஒரே நேரத்தில் நடக்காது. கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் இழு என்று சொல்லும், அதற்குள் இறக்கை தேவைக்கு மேல் சாய்ந்திருக்கும். உடனே மறுபக்கம் இழுக்கும், அங்கேயும் அதிகமாகிவிடும். ஸ்டியரிங்கில் லூஸ் இருக்கும் படகு போகிற தடம் பாம்பு போல வளைந்து வளைந்து தெரியுமே, அதேதான்.

கேபிள் இழுவிசையை முன்பு யாரும் பார்க்காமல் இல்லை. மே மாத மதியம் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். கையேட்டில் இருந்த எண்ணோடு பொருந்தியது, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த பக்கத்தைத்தான் திருப்பவில்லை. அந்த எண் எந்த வெப்பநிலைக்கு உரியது, சூடு கூடினால் எவ்வளவு கூட்டி வைக்க வேண்டும் என்ற அட்டவணை அங்கே இருந்தது. சென்னை வெயிலில் நின்ற விமானத்துக்கு அது குறைவான இழுவிசை. சர்வோவை ஏலரான் கேபிளோடு இணைக்கும் சின்னக் கேபிளும் விரலால் அழுத்தினாலே உள்வாங்கியது. உரிமம் பெற்ற எஞ்சினியர் அட்டவணைப்படி இரண்டையும் இறுக்கிக் கையெழுத்திட்டார். சோதனைப் பறப்பில் 9,000 அடியில் இறக்கை அசையாமல் நின்றது. அன்று ஒரு பாகம்கூட மாற்றவில்லை.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோளாறு தெரியும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். உயரம், வெளி வெப்பநிலை, வேகம், எந்த பட்டன் போட்டிருந்தது, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி, ரேடியோவில் பேசும்போது அதிகமாகிறதா, மேகத்திலோ மழையிலோ போய்வந்த பிறகா. இவ்வளவு போதும். இதைத் தெளிவான வானத்தில், போதிய உயரத்தில், இன்னொரு பைலட் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

உங்கள் ஆட்டோபைலட் இறக்கையின் சாய்வை எதிலிருந்து தெரிந்துகொள்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில வகை, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியில் சுழலும் ஜைரோ என்ற சக்கரத்தைக் கேட்கும். பழைய விமானங்களில் அந்த ஜைரோவைச் சுழற்றுவது எஞ்சினோடு ஓடிக் காற்றை உறிஞ்சும் வேக்கும் பம்ப். வேறு சில வகை, மின்சாரத்தில் ஓடி விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரைக் கேட்கும். முதல் வகையில் பம்ப் பலவீனமானால் ஜைரோ மெல்ல மெல்லச் சாயும். ஆட்டோபைலட் அந்தப் பொய்யை நம்பி விமானத்தையும் கூடவே சாய்க்கும். அடிவானக் கருவி சமம் என்று சொல்லும், டர்ன் கோஆர்டினேட்டரும் திசைகாட்டியும் திரும்புகிறோம் என்று சொல்லும். அப்படிக் கண்டால் உடனே ஆட்டோபைலட்டை விடுவித்துவிட்டு வேக்கும் மீட்டரைப் பாருங்கள். மேகத்துக்குள் இருக்கும்போது இதைக் கவனிக்கத் தவறினால் உயிருக்கே ஆபத்து.

நம் ஊரில் இன்னொரு தொல்லை உப்புக்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும். காசிமேட்டில் புதுக் கேட் போட்டால் இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து நிற்கும். வெளியில் நிறுத்தும் விமானத்தின் கனெக்டர்களிலும் அதே காற்றுதான் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. நடுவில் விட்டுவிட்டுப் பிடிக்கும் கோளாறுக்கு நான் முதலில் பார்ப்பது கனெக்டர் பின்களைத்தான். உயரத்தைப் பிடிக்காமல் மூக்கு ஏறி இறங்கினால், காற்றழுத்தம் எடுக்கும் ஸ்டேடிக் குழாயில் மழைநீர் நிற்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியை மாற்றும் பேச்சு அதற்கு அப்புறம் வரட்டும்.

எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆட்டோபைலட் பிடித்திருக்கும்போதே சிலர் கையால் ஓட்டும் பிடியான யோக்கை இழுத்து மூக்கைத் திருத்தப் பார்க்கிறார்கள். மூக்கு நிற்க வேண்டிய நிலையைத் தானாகச் சரிசெய்யும், அதாவது ட்ரிம் செய்யும், வகையாக இருந்தால் நீங்கள் மேலே இழுக்க இழுக்க அது உங்களுக்கு எதிராகக் கீழே ட்ரிம் செய்துகொண்டே போகும். அப்புறம் அதை விடுவித்தால் மூக்கு குப்புறப் பாயும். தயவுசெய்து அதோடு மல்லுக்கட்டாதீர்கள். யோக்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு ஆட்டோபைலட்டை விடுவிக்கும் சிவப்பு பட்டனை அழுத்துங்கள். ட்ரிம் தானாக ஓடினால் பட்டனை விடாமல் அழுத்தியபடியே அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுங்கள். அந்த பிரேக்கர் வரிசையில் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக்காட்ட உங்களால் முடிய வேண்டும். அதற்கு மட்டும் ஒரு நிற வளையம் மாட்டிவையுங்கள்.

1914-இல் பாரிஸில் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற இளைஞர் தன் ஆட்டோபைலட் கருவியைக் காட்ட இரண்டு கைகளையும் உயர்த்தியபடி பறந்தார், அவருடைய மெக்கானிக் இறக்கைமேல் நடந்துபோய் நின்றார். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது உயர்த்திய கைகளைத்தான். நான் நினைப்பது இறக்கைமேல் நின்ற அந்த மெக்கானிக்கை. கீழே ஹாங்கரில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு மேலே நடந்தது தெரிய வேண்டுமென்றால் நீங்கள் எழுதினால்தான் உண்டு. அடுத்த முறை இறங்கியதும், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால், 10 நிமிஷம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு விமானக் கருவி மெக்கானிக்